தகரக் கூரைக்கு எந்தக் காற்றுக் கணக்கு? 58 டிகிரியா, 76 டிகிரியா?

மில்லுக்காரன் · சனி, இரவு 9.12

வணக்கம். நான் செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை செய்றவன். கட்டடக் கணக்கு எனக்குப் புதுசு, தப்பிருந்தா திருத்துங்க.

மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டின தாமான்ல (குடியிருப்பில்) அம்மா வீடு. பின்னால் அடுப்படியை இழுத்துக் கட்டியிருக்கோம், 6 மீட்டருக்கு 3.5 மீட்டர். மேலே செங்காவி நிற மெட்டல் டெக், கீழே மெல்லிசு சீலிங் பலகை, நடுவில் வெறும் காற்று. மதியம் ரெண்டு மணிக்கு உள்ளே போனா தலைமேல் தோசைக்கல்லைக் கவிழ்த்த மாதிரி இருக்கு. அம்மா பதினோரு மணிக்கே சமையலை முடிச்சிட்டு முன்வாசலுக்கு வந்துடறாங்க.

என்ன போடலாம்னு யோசிக்கறதுக்கு முன்னால் தகரம் எவ்வளவு சூடேறுதுன்னு எக்செல்ல போட்டேன். வெயில் சதுர மீட்டருக்கு 900 வாட். இந்த நிறம் அதில் 70 விழுக்காட்டைக் குடிக்கும்னு வெச்சா 630 வாட். வெளிக்காற்று 33 டிகிரி. ஈப்போ விமான நிலையத்து மதியக் காற்று நொடிக்கு 2 மீட்டர். சீலிங் பக்கம் இறங்கற சூட்டை இப்போதைக்கு விட்டுட்டேன். காற்று வாரிட்டுப் போற சூட்டுக்கு வாய்ப்பாடு தேடினப்பதான் சிக்கல் ஆரம்பிச்சது.

மக்காடம்ஸ் வாய்ப்பாடு 5.7 + 3.8 × வேகம். அதன்படி 13.3. வாட்மஃப் வாய்ப்பாடு 2.8 + 3 × வேகம், அதில் 8.8. கட்டட வெப்பக் கணக்குக்கான உலகத் தரம் ஐ.எஸ்.ஓ. 6946-இல் 4 + 4 × வேகம், அதாவது 12. எல்லாமே ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு இத்தனை வாட் என்ற கணக்கு. கதிர்வீச்சுக்கு ஒவ்வொன்றிலும் 6 கூட்டினேன். வாட்மஃப்படி தகரம் 76 டிகிரி, மக்காடம்ஸ்படி 66. போதாக்குறைக்கு, வெப்பம் தடுக்கிற தாள் விற்க வந்தவர் ஒரு காகிதம் குடுத்தார் (கடைப் பேர் வேணாம்). அதில் கதிர்வீச்சையும் சேர்த்து மொத்தமா 25-னு போட்டிருக்கு. அப்படிப் பார்த்தா 58 டிகிரிதான்.

ஒரே கூரை, 18 டிகிரி வித்தியாசம். எதை நம்பறது?

கூரைத்தம்பி · சனி, இரவு 9.31

அண்ணே, கணக்கு எதுக்கு லா? 50 மில்லி ராக்வுல் (வெப்பம் தடுக்கிற கல்பஞ்சு) போடுங்க, கதை முடிஞ்சது.

பழைய_கிராணி · சனி, இரவு 10.05

தம்பி, நான் அந்தப் பக்கத் தோட்டங்கள்ல முப்பது வருசத்துக்கு மேல செக்ரோல் (ஆள் பேரேடு) எழுதினவன். ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. மதியம் ரெண்டு மணிக்கு உங்கம்மா வீட்டுப் பின்வாசல்ல நின்னு செம்பனை ஓலையைப் பார்த்திருக்கியா? நுனிகூட அசையாது. மழை இறங்கறதுக்குப் பத்து நிமிசம் முன்னாடி மட்டும் ஒரு காத்து வரும், கொடியில கிடக்கற துணியை எல்லாம் வாரிட்டுப் போற மாதிரி. மத்த நேரத்துல ஏது காத்து? விமானம் இறங்கற திடல்ல அடிக்கற காத்தை அடுப்படிக் கூரைக்கு ஏன் கொண்டுவர்றே?

லயத்து வீட்டுக்கு அத்தாப்பு (ஓலைக் கூரை) போட்ட காலத்துல இந்தத் தொல்லையே கிடையாது. என்ன, கரையானும் தேளும் இருந்துச்சு.

ஈப்போ_வள்ளி · சனி, இரவு 11.20

கிராணி ஐயா கேட்டதுதான் இந்த இழையில் முதல் கேள்வியா இருந்திருக்கணும். நான் கட்டடக் குளிரூட்டல் கணக்கு போடறவ. வாய்ப்பாட்டில் தப்பு நடக்கிறதைவிட, அதுக்குள்ள எந்த வேகத்தைப் போடறோம்னு கவனிக்காமத்தான் நிறையப் பேர் சறுக்கறாங்க.

வானிலை நிலையத்துக் காற்றுமானி திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் நிக்கும். உங்க கூரை 3 மீட்டர் உயரத்தில், சுத்தி வீடும் செம்பனையுமா இருக்கு. தரையோட உராய்வில் காற்று தளர்ந்துடும், வீடும் மரமும் நெருங்க நெருங்க இன்னும் தளரும். அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயோட கைநூல் முறையில் திறந்த வெளிக்கு அடுக்கு 0.14, எல்லைப் படலம் (தரை உராய்வு எட்டற உயரம்) 270 மீட்டர். வீடும் மரமும் கலந்த இடத்துக்கு அடுக்கு 0.22, படலம் 370 மீட்டர். போட்டுப் பாருங்க: 270-ஐக் காற்றுமானியோட 10 மீட்டரால் வகுத்தா 27, அதை 0.14 அடுக்குக்கு ஏத்தினா 1.59. 3-ஐ 370-ஆல் வகுத்து 0.22 அடுக்குக்கு ஏத்தினா 0.35. ரெண்டையும் பெருக்கினா 0.55. ஆக, உங்க 2 மீட்டர் 1.1 ஆயிடும். செம்பனை மறைக்கிறது இந்தச் சராசரிக்குள்ள முழுசா அடங்காது, நிஜத்தில் இன்னும் குறையலாம்.

அடுத்தது, ஒவ்வொரு வாய்ப்பாடும் எங்கே பிறந்ததுன்னு பாருங்க. மக்காடம்ஸ் 1954-இல் தன் பாடநூலில் எழுதினது அவர் அளந்ததில்லை. 1924-இல் யூர்கெஸ் என்ற ஜெர்மானியர் அரை மீட்டர் சதுரச் செப்புத் தகட்டைச் சூடாக்கி, காற்றுச் சுரங்கத்தில் வெச்சு எடுத்த அளவு அது. அதில் ‘வேகம்’னா தகட்டை ஒட்டிச் சுரங்கத்தில் ஓடின காற்றோட வேகம். விமான நிலையத்து வேகத்தைக் கொண்டுபோய் அங்கே போட்டா, ஆழாக்கால் அளக்க வேண்டியதை மரக்காலால் அளந்த கதைதான்.

1977-இல் வாட்மஃப், சார்ட்டர்ஸ், பிராக்டர் மூணு பேரும் சொன்னது: அந்த 5.7-க்குள்ள கதிர்வீச்சும், சூட்டால் தானே எழும்பற காற்றும் கலந்திருக்கு. அதைக் கழிச்சுத்தான் 2.8 + 3 × வேகம் வந்தது. அதனால மக்காடம்ஸை எடுத்துட்டு மேலே கதிர்வீச்சுக்கு 6 கூட்டினா, ஒரே செலவை ரெண்டு தடவை எழுதின மாதிரி ஆகும்.

தாள் விற்கறவரோட 25-உம் பொய் இல்லை. ஐ.எஸ்.ஓ. 6946-இல் நொடிக்கு 4 மீட்டர் காற்று வெச்சா 4 + 16 = 20, கதிர்வீச்சுக்கு ஏறக்குறைய 5, மொத்தம் 25. அதைத் தலைகீழாக்கினா வெளிப்பரப்புத் தடை 0.04. குளிர்நாட்டில் வீட்டுச் சூடு வெளியே ஓடறதைக் கணக்கிட அது பொருந்தும். சுங்கை சிப்புட் அடுப்படிக்குப் பொருந்தாது.

1.1-ஐப் போட்டா மக்காடம்ஸ் 9.9, ஐ.எஸ்.ஓ. 8.4, வாட்மஃப் 6.1. இடைவெளி சுருங்கிடுச்சு பாருங்க.

நாலாம்_செமஸ்டர் · ஞாயிறு, காலை 8.47

வள்ளி அக்கா, எனர்ஜிபிளஸ்ங்கற கட்டட வெப்பக் கணக்கு மென்பொருளில் ‘டார்ப்’னு ஒரு வழி இருக்கு. 1983-இல் வால்டன் எழுதினது. அது காற்று தள்ளும் பங்கையும், சூட்டால் தானே எழும் பங்கையும் தனித்தனியாக் கணக்குப் போட்டுக் கூட்டும். அண்ணன் கூரைக்குப் போட்டுப் பார்த்தேன்.

தள்ளும் பங்கு: 2.537 × சொரசொரப்பு எண் × (சுற்றளவு × வேகம் ÷ பரப்பு) இதோட வர்க்கமூலம். சுற்றளவு 19, பரப்பு 21, வேகம் 1.1. சொரசொரப்புக்குக் கண்ணாடிக்கு 1, செங்கல்லுக்கு 1.67 எடுப்பாங்க. மடிப்புத் தகரத்துக்கு 1.13 எடுத்தேன். விடை 2.9. காற்றுக்கு முதுகு காட்டற சுவரா இருந்தா இதில் பாதிதான்.

தானே எழும் பங்கு: மேல்நோக்கின சூடான கூரைக்கு 1.52 × வெப்ப வித்தியாசத்தின் கனமூலம். 35 டிகிரி வித்தியாசத்துக்கு 5.

எனக்கே ஆச்சரியம். காற்றால் 2.9, கூரை தன் சூட்டாலேயே கிளப்பறது 5! எங்க விரிவுரையாளர் வெளிச்சுவருக்கு ‘காற்று மட்டும் போதும்’னு சொல்லியே பழக்கிட்டார்.

ஈப்போ_வள்ளி · ஞாயிறு, காலை 9.30

சரியாப் போட்டிருக்கீங்க தம்பி. காற்று பலமா அடிக்கிற ஊரில் அவர் சொல்றதும் சரிதான், அங்கே தானே எழும் பங்கு தூசி. நம்ம உள்நாட்டு ஊர்களில் காற்று பெரும்பாலும் மெல்லிசு, திசையும் நிலைக்காது. அதனால் அந்தப் பங்கை விட்டா பாதிக்கு மேலே விட்ட மாதிரி.

உயரக் கட்டடம்னா கதையே வேற. 1984-இல் ஷார்ப்பிள்ஸ் ஷெஃபீல்டில் ஒரு 18 மாடிக் கட்டடத்துச் சுவரிலேயே கருவி பொருத்தி அளந்து ஒரு வாய்ப்பாடு குடுத்தார். மாடி ஏற ஏற, மூலைக்குப் போகப் போகக் காற்று மாறும். ஒத்தை மாடி அடுப்படிக்கு அதைத் தூக்கிட்டு வர வேணாம்.

கூரைத்தம்பி · ஞாயிறு, காலை 10.02

இவ்ளோ கணக்குக்கு, தொடாம சூடு அளக்கற ஒரு இன்ஃப்ராரெட் கன் வாங்கிச் சுட்டாப் போதும்னு நினைச்சேன். ஆனா ஒரு கூத்து. போன மாசம் ஒரு வீட்டுல பளபளன்னு புதுத் தகரம், பெயிண்ட் இல்லாதது, ஏத்திட்டு இருந்தோம். மதியம் ஒரு மணி. இன்ஃப்ராரெட் கன் 29-னு காட்டுது. ஆஹா, ஜில்லுனு இருக்குனு கையூன்றினேன். உள்ளங்கை தோலு சிவந்து போச்சு. கடைக்காரன்கிட்ட கன்னைத் திருப்பிக் குடுத்துட்டேன், சண்டையும் போட்டேன்.

ஈப்போ_வள்ளி · ஞாயிறு, காலை 10.15

பாவம் கடைக்காரர், கன் கெடலை. அது பரப்பு உமிழ்ற கதிரைத்தான் அளக்கும். பளபளப்பான உலோகம் கொஞ்சமாத்தான் உமிழும், மீதிக்கு வானத்தைப் பிரதிபலிக்கும். நீங்க அளந்தது பாதி தகரம், பாதி வானம். கறுப்பு வயர் டேப்பை ஒரு சாண் ஒட்டி, அஞ்சு நிமிசம் விட்டு, டேப்பைச் சுடுங்க. டேப்போட உமிழ்திறன் 0.95 பக்கம், கன்னும் அந்த எண்ணுக்குத்தான் பெரும்பாலும் அமைச்சிருக்கும்.

மில்லுக்காரத் தம்பி கூரை பெயிண்ட் அடிச்சது. அதனால் அங்கே கன் பெரிசா ஏமாத்தாது. எதுக்கும் டேப் ஒட்டியே அளங்க.

மில்லுக்காரன் · ஞாயிறு, மாலை 6.40

இன்னிக்கு 1.50-க்கு ஏணி போட்டு அளந்தேன். டேப் மேல 66, பக்கத்துப் பெயிண்ட் மேல 65. மேகமில்லாத நேரம் பார்த்துத்தான் ஏறினேன். நெத்தி வேர்வை தகரத்தில் சொட்டினா விழுந்த இடம் தெரியறதுக்குள்ள காஞ்சிடுது.

அப்ப 66 காட்டின மக்காடம்ஸ்தான் சரியா?

ஈப்போ_வள்ளி · ஞாயிறு, மாலை 7.25

அவசரப்படாதீங்க. தப்பான வேகத்தைப் போட்டு, கதிர்வீச்சை ரெண்டு தடவை எழுதி, சீலிங் பக்கம் இறங்கற சூட்டை விட்டு, வானத்தையும் மறந்து வந்த 66 அது. நாலு தப்பு ஒண்ணையொண்ணு சரிக்கட்டிடுச்சு.

இப்படிப் போடுங்க. காற்றுக்கு 8 (தம்பி போட்ட 2.9-உம் 5-உம் சேர்த்து), கதிர்வீச்சுக்கு 6, மொத்தம் 14. வானம் காற்றைவிடக் குளிர்ச்சி. நம்ம ஈரக் காற்றில் அந்த வித்தியாசம் பாலைவனம் அளவுக்கு இருக்காது, 10 டிகிரின்னு வைங்க. அதுக்கு 60 வாட் கழிச்சா 630-இல் மீதி 570. அதை 14-ஆல் வகுத்தா 41. வெளிக்காற்று 33-உம் சேர்ந்து 74. இதைத்தான் வெயில்-காற்று வெப்பநிலைன்னு சொல்வோம். உள்ளே 32 டிகிரி, சீலிங்கோட சேர்த்து கூரையோட யூ மதிப்பு (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியா இறங்கற வாட்) 2.3 பக்கம். அப்ப சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 95 வாட் உள்ளே இறங்குது. அதை 14-ஆல் வகுத்து 74-இல் கழிச்சா 67.

உங்க டேப் 66 சொல்லுது. இந்த வேலையில் இவ்வளவு ஒட்டி வர்றது அபூர்வம். பாதி அதிர்ஷ்டம்னே வெச்சுக்கங்க, ஏன்னா நிறம் 70 விழுக்காடு குடிக்கும்ங்கறதே நம்ம ஊகம்தான்.

மில்லுக்காரன் · ஞாயிறு, இரவு 8.10

ஊகம் வேணாம்னா அந்த 8-ஐ நேரடியா அளக்க முடியுமா அக்கா? ஆலைப் பட்டறையில் தகடு, தெர்மோகப்பிள் எல்லாம் இருக்கு.

ஈப்போ_வள்ளி · ஞாயிறு, இரவு 8.55

முடியும். 3 மில்லி அலுமினியத் தகடு ரெண்டு எடுங்க, ஒரு அடி சதுரம் போதும். ஒண்ணைப் பளபளன்னு தேய்ங்க, இன்னொண்ணுக்கு மங்கல் கறுப்பு ஸ்ப்ரே. அடியில் 50 மில்லி வெள்ளை பாலிஸ்டைரின். சூடாக்கி, வெயில் போனதும் வெளியே வெச்சு ஆற விடுங்க. காற்றுக்கு மேலே இருக்கிற வெப்பம் பாதியாக எத்தனை நொடி ஆச்சுன்னு பாருங்க. அதை 0.693-ஆல் வகுத்தா நேர மாறிலி. 3 மில்லி அலுமினியம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 7290 ஜூல் பிடிக்கும். 7290-ஐ அந்த நேர மாறிலியால் வகுத்தா விடை.

பளபளப்புத் தகடு கதிர்வீச்சில் ஏறக்குறைய ஒண்ணும் இழக்காது, அது காற்றோட பங்கைச் சொல்லும். கறுப்பு ரெண்டையும் சேர்த்துச் சொல்லும்.

மில்லுக்காரன் · வியாழன், இரவு 10.30

முடிச்சாச்சு. தகட்டைச் சூடாக்க அம்மாவோட அயர்ன் பாக்ஸை எடுத்தேன். “தீபாவளிச் சேலையைத் தேய்க்கிற பெட்டிடா அது!”ன்னு ஒரு சத்தம். அடியில் துணி போட்டுத்தான் வெச்சேன்னு சத்தியம் பண்ண வேண்டியதாப் போச்சு.

மணி 7.45, வானம் மூடாக்கு, காற்று 28 டிகிரி. ரெண்டு தகடும் 68-இலிருந்து 48-க்கு இறங்கற நேரம். பளபளப்பு 10 நிமிசம் 30 நொடி. கறுப்பு 6 நிமிசம். கணக்கு: பளபளப்புக்கு 8.0, கறுப்புக்கு 14.0.

காற்று வேகத்துக்குக் கருவி இல்லை. அம்மா ஊதுபத்தி ஏத்திக் குடுத்தாங்க. ஒரு மீட்டர் குச்சியைப் பக்கத்தில் வெச்சுப் புகை நகர்றதை எண்ணினேன். ஒரு மீட்டருக்கு ரெண்டு நொடி, சில சமயம் மூணு. சில சமயம் நேரா மேலே போகுது, திசையே கிடையாது.

ஈப்போ_வள்ளி · வியாழன், இரவு 11.10

அருமை! ரெண்டுக்கும் வித்தியாசம் 6. கதிர்வீச்சுக்கு நாம வெச்சதும் அதே 6. அதைத் தனியாக் கண்ணால் பார்த்துட்டீங்க. பளபளப்போட 8-இல் பாலிஸ்டைரின் வழியா ஓடினது 0.7, மிச்சக் கதிர்வீச்சு 0.5. கழிச்சா காற்றுக்கு 6.8.

ஒரு எச்சரிக்கை. சின்னத் தகடு எப்பவும் கொஞ்சம் கூடக் காட்டும். தகட்டு விளிம்பில் எல்லைப் படலம் (பரப்பை ஒட்டித் தளர்ந்து நிக்கிற காற்று) மெல்லிசு, அங்கே சூடு சுலபமா ஓடும். 6 மீட்டர் கூரையில் அந்த விளிம்புச் சலுகை கிடையாது. யூர்கெஸோட அரை மீட்டர் தகட்டுக்கும் இதே குறை உண்டு. ஆனா மதியம் கூரை உங்க தகட்டைவிடச் சூடு, காற்றும் கொஞ்சம் கூட. அதனால் 7-இலிருந்து 9-க்குள் எதை வெச்சாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

பழைய_கிராணி · வெள்ளி, காலை 6.15

ராத்திரி கணக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) அஞ்சு மணிக்கு எந்திரிச்சா, தகரத்தோட அடிப்பக்கம் தண்ணி கோர்த்து நிக்கும். தொட்டில்ல கிடக்கற பிள்ளை மேல சொட்டும், மழையே பேஞ்சிருக்காது. காத்தடிச்ச ராத்திரில மட்டும் சொட்டாது. அது ஏன்?

நாலாம்_செமஸ்டர் · வெள்ளி, காலை 7.50

ஐயா, நீங்களே விடையைச் சொல்லிட்டீங்க. ராத்திரி தகரம் வானத்துக்குச் சூட்டை உமிழ்ந்து, காற்றைவிடக் குளிர்ந்துடும். காற்று அடிச்சா சூட்டைத் திருப்பிக் குடுத்துக் காப்பாத்தும். காற்று இல்லாத ராத்திரி குடுக்க ஆளில்லை, பனிநிலைக்கு (காற்றோட ஈரம் தண்ணியாப் படியற வெப்பநிலைக்கு) கீழே இறங்கி வேர்க்குது. பகல்ல ஆத்தற அதே எண் ராத்திரி காய்ச்சுது.

மில்லுக்காரன் · வெள்ளி, இரவு 9.20

சரி, காசுக் கணக்குக்கு வர்றேன். 21 சதுர மீட்டருக்கும் சேர்த்துப் போட்டேன்.

இப்போ இருக்கிறபடி 14 வெச்சா உள்ளே இறங்கறது 2000 வாட் பக்கம். சீலிங்ல ரெண்டு அயர்ன் பாக்ஸைக் கவிழ்த்து வெச்ச மாதிரி. தாள்காரரோட 25-ஐ வெச்சா 1200. 50 மில்லி ராக்வுல் போட்டா 14-க்கு 520, 25-க்கு 300. ராக்வுல் இல்லாம வெள்ளை பெயிண்ட் மட்டும் அடிச்சு 30 விழுக்காடு குடிக்குதுன்னு வெச்சா 760.

அதாவது ராக்வுல் போட்டுட்டா நம்ம வாய்ப்பாட்டுச் சண்டை 800 வாட்டிலிருந்து 220-க்கு இறங்கிடுது. கூரைத்தம்பி முதல் நாளே சொன்னதை நான் ஒரு வாரம் சுத்தி வந்து பிடிச்சிருக்கேன்.

ஈப்போ_வள்ளி · வெள்ளி, இரவு 9.45

சுத்தினது வீண் இல்லை. 58 டிகிரிதான்னு நம்பியிருந்தா இது அவ்வளவு பெரிய சூடில்லைன்னு ஒரு தாளோட விட்டிருப்பீங்க. தாளும் வேலை செய்யும், ஆனா பளபளப்பான பக்கம் காற்று இடைவெளியைப் பார்க்கணும், தூசி படியக்கூடாது.

குளிரூட்டின கட்டடத்துக்கு மலேசியத் தரமான எம்.எஸ். 1525-இல் இலேசான கூரைக்கு யூ 0.4-க்கு மேல் போகக்கூடாதுன்னு இருக்கு. உங்க 50 மில்லிக்கு 0.6 வரும். ஏர்கான் இல்லாத அடுப்படிக்கு அதுவே போதும்னுதான் எனக்குத் தோணுது. பிறகு ஏர்கான் போடற எண்ணமிருந்தா இப்பவே 100 மில்லி போடுங்க.

கூரைத்தம்பி · வெள்ளி, இரவு 10.20

வெள்ளை பெயிண்ட் நல்லதுதான், ஆனா நம்ம ஊரு ஈரத்துக்குப் பாசி பிடிச்சுக் கறுத்துடும். கழுவ ஆளிருந்தா அடிங்க. ராக்வுல் தகரத்தோட ஒட்டி இருக்கணும், அடியில ஃபாயில், அதுக்கும் அடியில கம்பி வலை. இடையில ஈரக்காத்து போனா கிராணி ஐயா சொன்ன சொட்டு பூரா ராக்வுல்ல இறங்கிடும்.

நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வர்றேன் அண்ணே. ஏணியை வெளியவே வைங்க. பத்து மணிக்கு மேல உங்க தகரத்துல என்னால ஏற முடியாது.